நொச்சிவெட்டையில் ஒருவரும் சாகவில்லை

என் ஆசை மச்சாளுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மரணப் பத்திரத்தில் ஊர் பிழை. பிழையாகச் சொன்னவள் நான்தான். பதிவுக் கந்தோரில் "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். நொச்சிவெட்டை என்றால் அது எங்கே, எந்தப் பாதையால் போவது என்று அரை நாள் கதைக்க வேண்டும். பின்னால் நீண்ட வரிசை, எனக்கோ பசி. பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லிவிட்டேன், ஈச்சிலம்பற்று என்று.

உங்கள் வாய் எனக்குத் தெரியாததா? "மூண்டாம் வகுப்போட நிண்டவளை அனுப்பினா இப்பிடித்தான்" என்றிருப்பீர்கள்.

எங்கள் சனத்தில் நீங்கள் ஒருவர்தான் ஊர்ப் பெயரை மாற்றாமல் சொன்னவர். கிளினிக்கில் தாதி, "அப்பிடி ஒரு ஊர் இல்லையேம்மா" என்றாள். "அப்ப நான் எங்கயிருந்து வந்தனான் பிள்ளை, வானத்தாலயோ?" என்று கேட்டீர்கள். நான் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் ஈச்சிலம்பற்று என்றுதான் எழுதினாள்.

இப்போது வன இலாகாக்காரர் எங்கள் வீட்டு வளவுகளையும் உள்ளே விட்டு எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள். இது காடாம். சனம் குடியிருந்த இடம் என்றால், ஊர்ப் பெயர் போட்ட பழைய கடதாசி ஒன்றாவது காட்டட்டுமாம். இல்லையென்றால் எழும்பிப் போகவேண்டும்.

பதினொரு வீட்டு அலுமாரியையும் கொட்டிப் பார்த்தோம். பிறப்பு, கலியாணம், அகதி முகாமில் தந்த அட்டை, எல்லாவற்றிலும் ஈச்சிலம்பற்று. எல்லோரும் என்னைப் போல வரிசையில் நின்று அலுத்தவர்கள்தான். முதலில் ஏழு குடும்பம் வந்து காடு வெட்டி, கிணறு தோண்டி, சண்டையில் இரண்டு முறை உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடி, இரண்டு முறையும் திரும்பி வந்த இடம் மச்சாள். கடதாசியில் அங்கே ஒரு பிள்ளை பிறக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை.

உங்கள் தம்பி, என் மனிசன், கடைசியாக உங்கள் மரணப் பத்திரம் கிடந்த பெட்டியைத் திறந்தார். "அக்கான்ர பத்திரத்தில இருக்கும். அவ விட்டுக்குடுக்க மாட்டா" என்றார். நான் அடுப்பைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். வாசித்துவிட்டு வந்து கதவடியில் நின்றார். பத்திரத்தை மடித்து என் கையில் தந்தார். ஏசியிருந்தாலாவது நன்றாயிருக்கும்.

உங்களைப் புதைத்த இடமும் எல்லைக்கல்லுக்கு உள்ளேதான். அதைக் காட்டினோம். மண் மேடு எந்தக் காட்டிலும் இருக்கும் என்றார்கள். இனி உங்களுக்கு ஒரு விளக்கு வைக்கவும் யாரிடமாவது கேட்க வேண்டி வருமோ?

புதன்கிழமை அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள். உங்கள் பத்திரத்தைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சரிவருமோ தெரியாது. ஆனால் இனி எந்தக் கந்தோரில் கேட்டாலும், எத்தனை பேர் பின்னால் நின்றாலும், நொச்சிவெட்டை என்றே சொல்வேன். பசித்தாலும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

சந்தியில் ஊருக்குப் பெயர்ப்பலகை ஒன்றும் நட்டோம். எழுத்து உங்கள் தம்பியுடையது, வடிவாகத்தான் இருந்தது. இன்று காலை எருமை ஒன்று முதுகு சொறிந்து அதைச் சாய்த்துவிட்டது. பலகை குப்புறக் கிடக்கிறது. எருமை அதன்மேல் படுத்திருக்கிறது. அது எழும்பட்டும் என்று பக்கத்தில் நிற்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியைக் கட்டிய வாய்க்காரி மச்சாள்,
நொச்சிவெட்டை.