என் கால், உன் காது

இன்று காலை சூளகிரி மேட்டில் கார் மறுபடியும் திக்கியது. மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்த மாதிரி நின்று, குலுங்கிக் குலுங்கிப் பாய்ந்தது. கண்ணாடியில் கறுப்புப் புகை. உள்ளே பெட்ரோல் வாடை. பக்கத்து இருக்கையைப் பார்த்து "வந்துடுச்சு பாரு" என்றேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு ஆடி கழிந்தும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை.

பிளக் மாற்றியாயிற்று. இக்னிஷன் காயில் நான்கும் மாற்றியாயிற்று. பெட்ரோல் ஃபில்டரும் புதுசு. அத்திப்பள்ளி மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற காற்று வழியில் எங்கோ கசிகிறது என்றார். எங்கே என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு பைப் பைப்பாகச் சோப்புத் தண்ணீர் அடித்தார். ஒரு குமிழி வரவில்லை. "ஆகல்ல சார், ஆகல்ல" என்று, முடியாது என்பதைத் தன் கன்னடத்திலேயே சொல்லி முடித்துக்கொண்டு கையைத் துடைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கசிவு நின்ற இடத்தில் காட்டாது என்பது உனக்கும் எனக்கும்தானே தெரியும்.

முதல் தடவை இது வந்த அன்று நீ ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராகக் காரிடம் வந்தாய். கியர்பாக்ஸ் கம்பெனியில் சத்தத்தைக் கேட்டே நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது உன் வேலை. நானோ தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் காதைக் கொடுத்துவிட்டு வந்தவன். யாருக்கு என்ன வேலை என்று பேசவே தேவைப்படவில்லை. நான் உட்கார்ந்து மிதித்தேன். நீ தோட்டத்து டியூப்பில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினைச் சுற்றி இடம் இடமாக நகர்த்தினாய்.

"மெல்ல மிதிச்சா எப்படிங்க தெரியும்? சட்டுனு மிதிங்க! சும்மா நிக்கறப்ப எல்லா எஞ்சினும் நல்ல புள்ளையாட்டம்தான் இருக்கும்."

மிதித்தேன். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கியது. அது சாய்கிற அந்த நேரத்துக்கு மட்டும் வாய் திறக்கிற ஒரு வெடிப்பு, அடியில் ரப்பர் பைப் வளைகிற இடத்தில் இருந்தது.

"புஸ்ஸுனு போவுது இங்க. உங்களுக்குக் கேக்குதுங்களா?"

இல்லை என்றேன். "சோத்துக்குக் கூப்பிட்டா மட்டும் கேக்கும்" என்று சிரித்தாய்.

பைப்பை மாற்றி அன்றே காவேரிப்பட்டினம் வரை போனோம். திரும்பும்போது நீதான் ஓட்டினாய். லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டியபோது உன் முகத்தில் இருந்த திமிரை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கோளாறு. எல்லாவற்றையும் இருவருமாகத்தான் பிடித்தோம். புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிறானால் காருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று தெருவே கேலி பேசியது.

இந்தத் தடவை அந்தப் பைப்பில் வெடிப்பு இல்லை, வேறெங்கோ. இப்போது காருக்கு எஃப்.சி. முடிகிறது. இந்தப் புகையோடு புதுப்பிக்க மாட்டார்கள். கசிவைக் கண்டுபிடிக்காவிட்டால், காரைப் பிரித்து பாகம் பாகமாக விற்கிற கிருஷ்ணகிரி ஆளிடம் கொடுத்துவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "ஓடாத வண்டிய வெச்சுக்கிட்டு என்னப்பா பண்ணுவீங்க?" என்கிறாள். நியாயம்தான். உன் புடவைகளை உன் தங்கை கேட்டபோது ஒரு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். புடவை நீ கட்டியது. கார் நாம் இருவரும் சேர்ந்து ஓட வைத்தது. அது போனால் 'நாம்' என்று சொல்ல எனக்கு வேறெதுவும் இல்லை.

மதியம் பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். முதலில் அவளை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் டியூப்பைக் காதில் வைத்தேன். வெறும் இரைச்சல். காதை மாற்றி வைத்தேன், அதுவும் அப்படியே. பிறகு நான் உட்கார்ந்தேன். அவள் பாவம், வேலைக்குப் போட்டுக்கொண்டு வந்த நல்ல சட்டையோடு பானெட்டுக்குள் குனிந்தாள்.

"எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருக்குதுப்பா."

காது என்ன சொத்தா, நீ அவள் பேருக்கு எழுதி வைக்க? இன்னொரு தடவை மிதித்தேன். "தெரியலப்பா, விட்டுருங்க" என்று டியூப்பைக் கீழே வைத்துவிட்டாள். நான் மிதித்தேன். மறுபடியும் மிதித்தேன். வாசல் முழுக்கப் புகை. மகள் ஓடிவந்து, கதவு வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

விடிந்தால் கிருஷ்ணகிரி ஆள் வருகிறார். கொடுத்துவிடுவேன். ஆக்சிலரேட்டரிலிருந்து ஏன் காலை எடுக்கவே இல்லை என்று மகள் கேட்டாள். இத்தனை வருஷமும் பானெட்டுக்குப் பின்னாலிருந்து நீ "போதுங்க" என்ற பிறகுதான் எடுத்திருக்கிறேன். இன்று யாரும் சொல்லவில்லை.