கூடுதல் ஐந்து நிமிடம்

மார்ச் 3

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. பல நாட்டுக் கிளப்புகள் ஆடிய அந்தக் கூடைப்பந்துக் கோப்பை பதினோரு வருடம் நடந்து, ஓர் இரங்கல் செய்திகூட இல்லாமல் செத்தது. அதற்கு வரலாறு எழுத ஆள் தேடிய எங்கள் கிளப், கடைசிக் கோப்பையை வென்ற அணித் தலைவரின் வீட்டு மாடியிலேயே ஒருவன் சும்மா இருப்பதைக் கண்டுபிடித்தது. தலைவர் என் மாமனார். நான் வீட்டோடு மாப்பிள்ளை.

மார்ச் 9

சாப்பாட்டு மேஜையில் மறுபடி இறுதிப்போட்டி. முதல் ஆட்டத்தில் எதிரணி ஊருக்குப் போய் ஆறு புள்ளியில் தோற்றார்கள். இங்கே இரண்டாம் ஆட்டம் சமமாக முடிந்தது. கூடுதல் ஐந்து நிமிடத்தில் எட்டுப் புள்ளி. எட்டும் மாமா போட்டது. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் இரண்டு புள்ளி அதிகம். கோப்பை. மாமா கைவீசி ஆடிக் காட்டுவார்; தண்ணீர் டம்ளரை எந்தக் கட்டத்தில் நகர்த்த வேண்டும் என்று என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மார்ச் 16

அன்றைய நடுவரைத் தொலைபேசியில் பிடித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ஆட்டத்தையும் கூட்டித்தானே சார் முடிவு? ஒரு ஆட்டம் சமமா முடிஞ்சா அப்படியே விட்டுடணும். கூட்டினதும் சமமா இருந்தாத்தான் கூடுதல் நேரம். அந்த வருஷம்தான் அந்த விதி வந்துச்சு. உங்க மாமனார் நடுவட்டத்துல போய் நின்னாரு, நான் பழக்கத்துல பந்தைத் தூக்கிப் போட்டுட்டேன்."

எதிரணி கேட்கவில்லையா?

"விதி தெரிஞ்சவர் அவங்க கோச் ஒருத்தர்தான். அவரை அதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிட்டேன். ரொம்பப் பேசினாரு."

ஆக, ஆறு புள்ளியில் ஜெயித்தது அவர்கள்.

மார்ச் 17

மாமாவிடம் சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு.

மார்ச் 18

நாளைக்கு.

மார்ச் 20

சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "மாப்பிள்ளை, நீங்க பந்தைக் கையால தொட்டிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 21

"அப்பாகிட்ட இருக்கிறதே அந்த ஒண்ணுதான். அதையும் புடுங்கணுமா?" என்கிறாள் இவள். நானா புடுங்கினேன்? அவர் சோத்தைத் தின்னுட்டு அவரையே தோத்தவர்னு எழுதறேனாம். சரி, எழுதாம விட்டா? பத்து வருஷம் உண்மையையும் கடைசி வருஷம் மாமனாரையும் எழுதினால் அதற்குப் பெயர் வரலாறு இல்லை, மொய். எழுதுவேன்.

ஏப்ரல் 2

கிளப் செயலாளர் வந்தார். "அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சுருக்குங்களேன்."

"எவ்வளவு?"

"இல்லாத அளவுக்கு."

அப்படியானால் என் பெயரையும் அதே அளவுக்குச் சுருக்கிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த அறையில் மாமாவின் நாற்காலி நகர்ந்த சத்தம்.

ஏப்ரல் 11

என்னைப் பொய்யனாக்கியே தீருவதென்று மாமா எதிரணித் தலைவரின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினார். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"தெரியுமே," என்றது அந்தக் குரல். "பஸ்ல ஏறினதுமே கோச் சொன்னார். புகார் சொல்ல போன் போட்டோம். கோப்பையை நடத்தின சங்கத்தையே மூடிட்டாங்க, எடுக்க ஆள் இல்ல."

"அப்புறம் ஏன்யா எனக்கே ஒரு வார்த்தை சொல்லல?"

"அந்த அஞ்சு நிமிஷம் நீ ஆடினதைப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது?"

மாமா போனை வைத்தார். பிறகு செயலாளரை அழைத்தார். "அந்தப் பக்கத்துல ஒரு எழுத்து குறைஞ்சாலும் கோப்பையை நானே தூக்கிட்டுப் போய் அவன்கிட்ட குடுத்துட்டு வருவேன்."

ஜூன் 28

புத்தகம் வந்துவிட்டது. முதல் பிரதியை எதிரணித் தலைவருக்கு மாமாவே உறை போட்டார். ஒட்டுவதற்கு முன் எடுத்துப் பார்த்தேன். தன் படத்துக்குக் கீழே கையெழுத்திட்டு, 'தோற்ற அணியின் தலைவர்' என்று எழுதியிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில், எட்டுப் புள்ளி என்று நான் எழுதிய இடத்தில் இரண்டு முறை அடிக்கோடு.