மாற்றி வைத்த தட்டுகள்

ஜூலை 3, வியாழன்

மட்டாஞ்சேரியில் விடாத மழை. போட் இல்லை. பஸ் பிடித்து எறணாகுளம் லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

புழுக்கள் நன்றாக இருக்கின்றன. வளர்வதற்கான ஹார்மோனைச் சொந்தமாகச் சுரக்கத் தெரியாத வகை இது. தட்டில் நான் கலந்து வைத்தால்தான் லார்வா வளர்ந்து பெரிய புழுவாகும். இல்லையென்றால் பாதியில் நின்று, மெலிந்து, வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். சாகாது, வளராது. எவ்வளவு ஹார்மோன் போதும் என்பது இந்த மாதம் கைக்கு வந்துவிட்டால் என் ஃபெலோஷிப் இன்னும் ஒரு வருடம் நீளும். லேப் தலைவர் கல்யாணராமன் ஸார் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

காய்ச்சல். "புழுவுக்குச் சோறு போட நீ, உனக்குச் சோறு போட நான்" என்று அம்மா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள்.

சோனியாவைக் கூப்பிட்டேன். வைப்பினிலிருந்து வரும் பெண், லேபில் எனக்கு அடுத்துச் சேர்ந்தவள். அவளிடம் எப்போதும் மலையாளம்தான். காய்ச்சலில் வாய் வீட்டுத் தமிழுக்குப் போய்விட்டது. "புழுவெல்லாம் இன்னைக்கு மாத்தி வெச்சிடு மோளே" என்றேன். "செய்யாம் சேச்சி" என்று ஒப்புக்கொண்டாள். நல்ல பெண்.

ஜூலை 11, வெள்ளி

எல்லாம் போச்சு.

ஹார்மோன் கலந்த புதுத் தட்டுகள் தொடாமல் இருக்கின்றன. ஹார்மோன் தீர்ந்துபோன பழைய தட்டுகளுக்கு விளிம்பில் டேப் ஒட்டி, அலமாரி ஓரத்தில் அடுக்கியிருக்கிறாள். அவற்றில் பிறந்தவை அத்தனையும் பாதி வளர்ச்சியில் அசையாமல் கிடக்கின்றன. கேட்டால், "சேச்சியல்லே மாற்றி வைக்கான் பறஞ்ஞது? ஞான் மாற்றி வெச்சு" என்று அழுகிறாள்.

மலையாளத்தில் மாற்றி வைப்பதென்றால் ஒதுக்கி வைப்பது. நான் சொன்னது புதுத் தட்டுக்கு மாற்றச் சொல்லி. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். என் வாய்க்குத் தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

மூன்று வருடமாக என்னிடம் மலையாளத்திலேயே பேசிவந்த ஸார் இன்று தமிழுக்கு வந்தார். அவர் வீட்டிலும் தமிழ்தான், பாலக்காட்டுத் தமிழ். "தமிழ்ல சொன்னா அந்தக் குட்டிக்கு எப்படி மனசிலாகும்? உனக்கு இதெல்லாம் சரிப்படாது விஜி."

திட்டுவதற்கு மட்டும் நாங்கள் ஒரே பாஷைக்காரர்கள். இன்னொரு முறை செய்து பார்க்க அவகாசம் கேட்டேன். "இந்த மாசத்தோட முடிச்சுக்கோ" என்று ஸார் கணினித் திரையைப் பார்த்தே சொன்னார்.

ஜூலை 31

லேபில் கடைசி நாள். யாரும் கேக் வாங்கவில்லை, நல்லவேளை.

செப்டம்பர் 19, வெள்ளி

இப்போது கலூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை. மலத்தில் புழு முட்டை தேடுகிறேன். புழு என்னை விடுவதாக இல்லை.

லேபிலிருந்து மீனாக்ஷி போன் செய்தாள். அந்தத் தட்டுகளை யாரும் வீசவில்லையாம். நான் கரைத்து வைத்துவிட்டு வந்த ஹார்மோனைச் சோனியா சும்மா விட்டுப் பார்த்தாளாம். இரண்டு மாதமாக அசையாமல் கிடந்தவை திரும்ப வளர ஆரம்பித்துவிட்டனவாம். ஸார் தலைகால் புரியாமல் இருக்கிறாராம். கட்டுரை வரப்போகிறது, சோனியா பேரில்.

என் புழு, என் காய்ச்சல், என் வாய். வயிறு எரிகிறது. ஆமாம், எரிகிறது. எழுதினால் என்ன?

நவம்பர் 11, செவ்வாய்

மதியம் சோனியா கூப்பிட்டாள். அச்சுக்கு முன் கட்டுரையைச் சரிபார்ப்பவர்கள் ஹார்மோனை எதில், எப்படிக் கரைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்களாம். அதைச் செய்தது நான் மட்டும்தான். "சேச்சி ஒந்நு பறஞ்ஞு தரணே. ஸாரும் அடுத்துண்டு" என்றாள்.

ஸார் பக்கத்தில்தானே இருக்கிறார், ஸ்பீக்கரில் போடு என்றேன். எதையும் மறைக்காமல் சொன்னேன், முழுக்கத் தமிழில். ஒவ்வொரு வரியையும் ஸார் அவளுக்கு மலையாளத்தில் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வரிக்குப் போனேன்.