உள்ளேயே சேர்த்துக் கட்டிய மொடியூல்

செவ்வாய்க்கிழமை. ஹட்டன். விடாத மழை.

எங்க கம்பெனி சேர்வர்ல ஒரு மொடியூல்ல, அதாவது கூடச் சேர்க்கிற ஒரு மென்பொருள் துண்டுல, பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு காலையிலயே எச்சரிக்கை வந்துச்சு. தேவைப்பட்டா மட்டும் ஏத்துற மாதிரி அதைத் தனியா வச்சிருந்தா, செட்டிங்ல ஒரே ஒரு வரியை அழிச்சிருந்தாப் போதும். எல்லாத்தையும் சேர்வருக்குள்ளயே சேர்த்துக் கட்டினதால முழுசையும் மறுபடி கட்ட வேண்டியதாப் போச்சு. மத்தியானம் வரைக்கும் தோட்டத்து பங்களா புக்கிங் எல்லாம் நின்னுடுச்சு.

அப்படிக் கட்டச் சொன்னதே மெனேஜர் சார்தான். "தனித்தனியா வச்சா கண்டவனெல்லாம் கை வைப்பான்"னாரு. தப்புன்னு தெரிஞ்சும் நான் "சரிங்க சார்"னேன்.

இன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவரே கேக்குறாரு, "எந்த மடையன் இப்படிக் கட்டினது?" நீங்கதானே சொன்னீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா வெளிய வந்தது, "நான்தாங்க சார்."

தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுல தோட்டத்துத் தொரை ஏசுறப்ப அப்பா கையக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு. சின்ன வயசுல அதைப் பார்த்து வெறுத்துப் போய்தான் இந்தக் கொம்பியூட்டர் படிப்பையே படிச்சேன். இன்னைக்கு சார் கத்தி முடிச்சிட்டுப் போன பிறகு குனிஞ்சு பார்த்தேன். என் கையும் கட்டித்தான் இருந்துச்சு.

யாரும் கட்டச் சொல்லல.