சாம்பல் அட்டைக்குப் பின்னால்

நேற்று மதியம் அந்த லென்ஸ் வந்து சேர்ந்தது. முகம் எடுப்பதற்கென்றே செய்த எண்பத்தைந்து எம்எம். கடையில் நீ கையில் வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நின்றாயே, அதே அளவு. அதற்கு இடம் பண்ணுவதற்காகக் கேமரா பையைக் கவிழ்த்தேன். பழைய மூடிகள், தூசி ஊதுகிற ரப்பர் பந்து, இரண்டு துணிக்கிளிப் விழுந்தன. கடைசியாக உன் சாம்பல் அட்டை விழுந்தது. புடவையின் நிறம் பிசகாமல் வர, ஒவ்வொரு புடவைக்கும் முதல் படத்தில் நீ பிடித்துக்கொண்டு நிற்பாயே, அந்த அட்டை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்து வெள்ளையில் உன் ஸ்டிக்கர் பொட்டு. சின்னது, மெரூன் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பவுடர்.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. இந்தப் பையைத்தான் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். நீ போன பிறகு அட்டையை மட்டும் வெளியே எடுக்கவே இல்லை, அதனால் பொட்டும் என்னோடு அலைந்திருப்பது எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அழவில்லை. வழக்கம்போலக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதே.

அந்தப் பொட்டு அங்கே எப்படி வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நாம் படம் எடுக்கிற மாடி அறையில் ஃபேன் போட முடியாது, முந்தி ஆடிவிடும். விளக்குச் சூட்டில் உனக்கு வியர்த்துக் கொட்டும். புதுப் புடவையில் ஒரு சொட்டு பட்டாலும் கடைக்காரர் உயிரை எடுத்துவிடுவார். அதனால் நெற்றியைத் துடைப்பதற்கு முன் பொட்டை எடுத்துக் கையில் இருக்கிற அட்டைக்குப் பின்னால் ஒட்டிவைப்பாய். வீட்டுக்குக் கிளம்பும்போது ஞாபகமாக எடுத்து வைத்துக்கொள்வாய். கடைசியாக வந்த அன்று மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

உனக்கு நினைவிருக்கிறதா, ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதும் மாடிப்படியிலிருந்தே கேட்பாய்.

"இன்னாபா, இன்னிக்கி தல வேணுமா, வேணாமா?"

"வேணாம்."

"மொதல்லயே சொல்லியிருந்தா தலய வூட்லயே வெச்சிட்டு வந்திருப்பேன். ஆட்டோல எடமாவது மிச்சமாயிருக்கும்."

இணையத்தில் பட்டுப் புடவை விற்கிறவர்களுக்குக் கழுத்துக்குக் கீழேதான் வேண்டும். கட்டியது ஒன்று, முந்தி ஒன்று, கரை ஒன்று, கரையும் உடலும் சேர்கிற கோர்வை ஒன்று, ஜரிகை கிட்டத்தில் ஒன்று. ஒரு புடவைக்கு ஐந்து படம். பெண்கள் இரண்டு பேர்தான், நான் கேமராவுக்குப் பின்னால், நீ புடவைக்குள். உன்னைவிட மடிப்பு எடுக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் இல்லை. ஊசி குத்தாமல், வெறும் கிளிப்பை வைத்து, ஆறு கஜத்தையும் சொன்னபடி கேட்க வைப்பாய். ஆனால் படம் பார்த்த யாருக்கும் நீ யார் என்று தெரியாது. "நான் தலயில்லாத மாடலு" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். சிரிக்கும்போது கை வாய்க்குப் போய்விடும். உதட்டோரம் அந்த வெண்புள்ளி வந்த பிறகு பழகிய பழக்கம் அது. மகளைச் செல்போனில் நூறு படம் எடுப்பாய். உன் பக்கம் யாராவது போனைத் திருப்பினால் முந்தானை மேலே ஏறிவிடும்.

கேமராவுக்குச் சாமான் சேர்ப்பதில் நம் இருவருக்கும் நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கண்ணாடிப் பளபளப்பை அடக்கும் என்று படித்துவிட்டு ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டினேன். பளபளப்பு அடங்கியது. ஜரிகையும் செத்துப் போனது. போலி ஜரிகை மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர் போனில் கத்தினார். நீ சாவகாசமாக ஃபில்டரைத் திருகிக் கழற்றி என் கையில் வைத்தாய்.

"ஜரிகன்னா கண்ண அடிக்கத்தான் செய்யும். அத்த அடக்கிட்டா அப்புறம் இன்னாத்துக்கு ஜரிக?"

அதோடு அந்த ஃபில்டர் பெட்டிக்குள் போனது. அதற்குப் பதில் டிவி வந்த பெட்டியிலிருந்து ஒரு தெர்மாகோல் பலகையை உடைத்து நீ ஜன்னலோரம் சாய்த்து வைத்தாய். இன்றைக்கும் அதுதான் வெளிச்சம் திருப்புகிறது.

ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம் என்று முடிவு செய்து நாம் சென்னைக்குப் போன நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்த மடலே. கேமராவோடு வந்த லென்ஸ் கிட்டத்தில் போனால் ஜரிகை இழையைக் குழப்பியது. கிட்டத்தில் எடுப்பதற்கென்று இருக்கிற மேக்ரோ வேண்டும் என்று நான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் பொறுமைசாலி. மேக்ரோவை எடுத்து வைத்துவிட்டு, சும்மா பாருங்கம்மா என்று அந்த எண்பத்தைந்தை நம் கேமராவிலேயே மாட்டிக் கொடுத்தார்.

"யாரயாச்சும் எடுத்துப் பாருங்க."

திரும்பினேன். நீ வாசல் வெளிச்சத்தில் நின்றிருந்தாய். அன்று உன் கையில் அட்டை இல்லை. கை வாய்க்குப் போவதற்குள் எடுத்துவிட்டேன்.

பின்பக்கத் திரையில் நீ உன்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய். பின்னால் இருந்த அலமாரி, தெரு, ஜனங்கள் எல்லாம் கரைந்து போய் நீ மட்டும் நின்றிருந்தாய். விரலால் திரையில் உன் உதட்டோரத்தைத் தொட்டாய்.

"இதுகூட நல்லாத்தான் இருக்குது, இல்ல?"

நான் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத்த வாங்கலாமாபா?"

அத்தனை வருடத்தில் நீ என்னிடம் உனக்காகக் கேட்டது அது ஒன்றுதான். நான் சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

"மூஞ்ச வெச்சிக்கினு நம்ம இன்னா பண்றது? நமக்கு சோறு போடறது ஜரிகதான்."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாய். கை வாய்க்குப் போனது. கடைக்காரர் மேக்ரோவைப் பெட்டியில் வைத்தபடி, "இதுலயும் மூஞ்சி சூப்பரா வரும்மா, கவலப்படாதீங்க" என்றார். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்து, காஞ்சிபுரம் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாய்.

மறுநாள் காலையில் கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் செய்தேன். புது வேலை தொடங்குமுன் பழையதைத் துடைத்துவிடுவது என் ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் பற்றி எனக்குப் பெருமை வேறு. அந்தக் கார்டில்தான் நீ இருந்தாய்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. அந்த மேக்ரோவில் முகம் அருமையாக வரும். நான்கு வருடம் அந்த லென்ஸ் உனக்கு எதிரேதான் இருந்தது. ஒரு ஜாண் தூக்கியிருந்தால் போதும். லென்ஸ் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம் என்று பல நாள் பார்த்தேன், அதற்கும் வழியில்லை.

இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒவ்வொரு புடவைக்கும் முதல் படம் அட்டையோடு எடுப்போம் இல்லையா. நெஞ்சுக்கு நேராகப் பிடி என்றால் நீ மூக்குவரை தூக்கிப் பிடிப்பாய். அட்டைக்கு மேலே உன் கண் இரண்டும் தெரியும். சிரிக்கிறாய் என்பது கண்ணிலேயே தெரியும். சில நாள் அட்டையை இறக்க நேரமாகிவிடும், இறக்குகிற அவசரத்தில் முழு முகமும் விழுந்திருக்கும். சாயங்காலம் நிறத்தைச் சரிசெய்து முடித்ததும் அந்த முதல் படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து அழிப்பேன். எதற்கு இடத்தை அடைக்கிறது என்று. நீ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாய்.

"அழிச்சிட்டியாபா?"

"அழிச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சி" என்பாய். இருவரும் சிரிப்போம்.

நாலே நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் உன் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"போஸ்டருக்கு நல்ல போட்டோவா ஒண்ணு குடும்மா. டெய்லி அவள எடுத்துக்கினு இருந்தவ நீதான. ஃப்ளெக்ஸ்காரன் வெயிட் பண்றான்."

லேப்டாப்பைத் திறந்தேன். நான்கு வருடத்துப் புடவைகள். மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், எல்லாவற்றிலும் நீ. கழுத்து, தோள், இடுப்பு, மடிப்பைப் பிடித்த விரல். மேக்ரோவில் எடுத்த ஜரிகைக்குப் பக்கத்தில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்போடு உன் கட்டைவிரல். ஒவ்வொன்றும் அவ்வளவு துல்லியம். ஒன்றிலும் முகம் இல்லை. உன் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்லண்ணா" என்றேன்.

"எத்தினி எடுத்திருப்ப. ஒண்ணுகூடவா இல்ல?"

கொடுக்க மனமில்லாமல் சொல்கிறேன் என்றுதான் அவர் நினைத்தார். இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் நியாயம் என்று எனக்கே தோன்றுகிறது.

கல்யாண ஆல்பம் உன் புருஷன் உன்னை விட்டுப் போனபோது அவரோடு போய்விட்டது. உன் போனில் இருந்ததெல்லாம் மகள். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். வெண்புள்ளி வருவதற்கு முன் எடுத்த படம். பெரிதாக்கியதில் முகம் மாவாகக் குழைந்து போயிருந்தது. ஊரில் ஆயிரம் புடவையை அழகாகக் காட்டியவளுக்கு அதுதான் கிடைத்தது. அதன் கீழே நின்று உன் மகள் என் கையைப் பிடித்தாள்.

"பெரிம்மா, இது எங்கம்மா மாரியே இல்ல. எங்கம்மாவுக்கு வாயாண்ட வெள்ளையா இருக்கும்ல. உன்னாண்ட இருக்கும்ல பெரிம்மா, ஒண்ணு குடேன்."

"தேடித் தரேன்மா" என்றேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளையிடம், அந்த இடத்தில், வேறு என்ன சொல்வது.

தேடினேன் என்பது உண்மைதான். அழித்த படங்களை மீட்டுத் தருவார் என்று பஸ் ஸ்டாண்டு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரிடம் நம் இரண்டு கார்டையும் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தார்.

"மேல மேல எழுதிட்டீங்கம்மா. ஒண்ணும் நிக்கல" என்றார். கிடைத்ததைத் திறந்து காட்டினார். பாதிக் கரை, கால்வாசி முந்தி, சுவர். ஒன்றே ஒன்றில் உன் வகிடு தெரிந்தது, காதோரம் வைத்த மல்லிகை தெரிந்தது, புருவத்துக்கு மேல் நெற்றி கொஞ்சம் தெரிந்தது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். நீதான் அட்டையை வழக்கம்போலத் தூக்கிப் பிடித்திருக்கிறாய் என்று நினைத்து, "கொஞ்சம் கீழ எறக்க முடியுங்களா" என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது அட்ட இல்லம்மா. மீதி படம் அழிஞ்சிட்டா அந்தக் கலர்தான் வரும்" என்றார்.

அந்த நெற்றியை உன் மகளிடம் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது? அதைப் பார்த்தால் அவள் மீதியைக் கேட்பாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. புடவை விற்கிறவர்கள் எல்லோரும் முகத்தோடு கேட்கிறார்கள். சிரிக்கணும், திரும்பிப் பார்க்கணும், ரீல்ஸ் போடணும். அதற்காக ஒரு பெண் வருகிறாள், நல்ல பெண்தான். அவளுக்காகத்தான் இந்த லென்ஸ். நீ கேட்டபோது இல்லாதது அவளுக்காக வாங்கியாயிற்று. அவளிடம் அதைச் சொல்லவில்லை. புது லென்ஸின் பெட்டியைப் பாதி பிரித்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டதை அவள் வெயில் அசதி என்று நினைத்து ஃபேனைப் போட்டாள்.

அவள் போன பிறகு அந்த லென்ஸை மாட்டினேன். உன் அட்டையைத் திருப்பி, பொட்டு இருக்கிற பக்கம் தெரிய, நீ நிற்கிற இடத்தில் ஸ்டாண்டில் கிளிப் போட்டு நிறுத்தினேன். உன் உயரம் எனக்குத் தெரியும். சுவரில் கைவைத்துக் காட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். லென்ஸ் கொஞ்சம் தேடிவிட்டு, பொட்டில் போய் நின்றது. பின்னால் இருந்த ஜன்னல், தெர்மாகோல், அறை எல்லாம் கரைந்து போயின. அன்று கடையில் கரைந்த மாதிரியேதான். பொட்டு மட்டும் அத்தனை கூர்மையாக இருந்தது, ஓரத்துப் பவுடரை எண்ணலாம். அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. நல்ல லென்ஸ்தான் கேட்டிருக்கிறாய்.

அந்தப் படத்தை அழிக்கவில்லை. அழிக்காமல் இருப்பதால் யாருக்கு என்ன பயன் என்றும் தெரியவில்லை.

கேமராவைக் கீழே வைக்கிற நேரம் போன் அடித்தது. உன் மகள். வாரம் ஒரு தடவை கூப்பிட்டுவிடுவாள். படிப்பு, மாமா வீடு, பஸ், எல்லாம் சொல்வாள். கடைசியில் அதைக் கேட்பாள். கேட்கும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும், உனக்கு இறங்குமே அதே மாதிரி.

"கெடச்சிச்சா பெரிம்மா?"

"தேடிக்கினுதான் இருக்கிறேன்மா."

"பொறுமையா தேடு பெரிம்மா. உன்னாண்டதான் எங்கியாச்சும் இருக்கும்."