சுந்தரியின் சைவம்

ஐப்பசி 4, செவ்வாய். தூறல்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே இன்று மீன் வாங்கினேன். இந்த வயதில் இப்படி ஒரு திருட்டு முழி. வில்லிபுத்தூரில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும் என்று ராஜபாளையம் வரை வண்டி. மீன்காரம்மாள் சந்தைக்கே கேட்கிற மாதிரி, "ஹெல்மெட்டுக்குள்ள இருந்து பேசுனா எனக்கு என்னத்தக் கேக்கும் அண்ணாச்சி? மூஞ்சியக் காட்டுங்க, மீனு ஒண்ணும் கடிக்காது." சிரித்தவர்களில் ஒருவர் எங்கள் தெரு போஸ்ட்மேன். போச்சு.

காரணம் சுந்தரி. எங்கள் பூனை. கொஞ்ச நாளாக நிலைப்படியில் முட்டிக்கொள்கிறது. நேற்று கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனோம்.

"என்ன குடுக்கீங்க?"

"தயிர்சாதம். எப்பவாவது பால்கோவா." பெருமையாகத்தான் சொன்னேன். சைவப் பூனை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அளந்த வாய்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டாரின் என்று ஒரு சத்தாம். கண்ணுக்கும் இதயத்துக்கும் வேணும். மனுஷ உடம்பு தானே செய்துகொள்ளும், நாயும் ஏறக்குறைய அப்படித்தான். பூனைக்கு ஏலாது. மீன், கறியில் இருந்துதான் கிடைக்கணும். பாலில் பேருக்கு. சோற்றில் சுத்தமாகக் கிடையாது.

"போன பார்வை வராது. இதயம் வீங்கியிருக்கு, அதைக் காப்பாத்தப் பாப்போம்." மருந்துப் பொடி மதுரையிலிருந்து வரணும். அதுவரை மீன்.

வசந்தா என்னோடு பேசவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு என் மனைவிக்குப் பேச்சுத்துணை சுந்தரிதான். நான் இல்லை.

6, வியாழன். வெயில்.

கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி, மூக்கில் துண்டு. வாடை போக மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தேன். ஜன்னலில் இருந்து வசந்தா: "எம்புட்டு நாத்தம்! இன்னும் நல்லா வேகட்டும்." பேசிவிட்டாள்!

சுந்தரி மோந்து பார்த்தது. தயிர்சாதத் தட்டைத் தேடிப் போய்ச் சுவரில் முட்டியது. நான் வளர்த்த ஒழுக்கம். மடியில் போட்டு ஊட்டினேன். நாலு தடவை சோப்பு போட்டும் விரலில் வாடை.

பொடி வந்ததா என்று கேட்டதற்கு மெடிக்கல்காரர்: "அந்த டாரின் டின் ஜூஸ்ல இருக்கு அண்ணாச்சி. பயலுக தூங்காம முழிச்சிருக்கக் குடிப்பானுக." பூனைக்கா? ஆளை விடு.

7, வெள்ளி.

இன்று மீன் கூடாதாம், வசந்தா சொல்கிறாள்.

"பூனைக்குக் கிழமை தெரியுமாட்டி?"

"பிள்ளையாருக்குத் தெரியும்லா."

வேகவைத்தேன். அவள் கொல்லை நந்தியாவட்டையைப் பறித்துப் பிள்ளையாருக்குச் சாத்தி, எங்கள் மூவருக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள்.

18, செவ்வாய். மழை.

பொடி இன்னும் வரவில்லை. சுந்தரிக்கு மூச்சு இரைக்கிறது. டாக்டர் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"மீன் குடுக்கீங்கல்லா?"

"தினமும். சமையலே நான்தான்."

"வெந்த தண்ணிய?"

"சீ, அதக் கொட்டிருவோம். மூணு தடவ மாத்துவேன்."

பேனாவை மூடினார். அந்தச் சத்து தண்ணீரில் கரைந்து போய்விடுமாம். சுந்தரி இத்தனை நாள் தின்றது பெரும்பாலும் சக்கை.

வசந்தா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுந்தரியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கொட்டிய மீன் தண்ணீரெல்லாம் நந்தியாவட்டை மூட்டில். செடி கொள்ளாமல் பூத்திருக்கு. பிள்ளையார் கழுத்தில் இன்றைக்கும் அதுதான்.