இறுகாத எலும்பு

12.5.2003, திங்கள்
காலையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. லேப் ஃபிரிட்ஜில் இரத்தப் பரிசோதனைக்கான ரீஏஜென்ட் எல்லாம் சூடேறிக் கிடந்தது. அக்கா பரிமளா குழந்தையைத் தூக்கிவந்தாள். லாவண்யாவுக்கு ஒன்றேகால் வயதாகியும் கால் ஊன்றவில்லை. முளைத்த பல்லும் வேரோடு விழுந்துவிட்டது. இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி 14 காட்டியது. குழந்தைக்கு நூற்றைம்பதுக்கு மேல் இருக்கவேண்டிய சமாசாரம்! ரீஏஜென்ட் கெட்டிருக்கும், வேறென்ன? டாக்டர் இதை ரிக்கெட்ஸ், வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலிகிற நோய் என்கிறார். அதற்கு இது ஏறித்தான் இருக்கும். 640 என்று எழுதிக் கொடுத்தேன். புது கிட் வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்.

19.5.2003
கிட் வந்தது. வேலை தலைக்குமேல். பாப்பாவுக்குத்தான் மருந்து ஆரம்பித்தாயிற்றே.

7.8.2003
கால்சியம் டானிக், வைட்டமின் டி சொட்டு — அக்கா ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. பாப்பா எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறாள். "சத்தே ஏறலடா, டோஸ ஏத்தச் சொல்லட்டா?" என்றாள். சொல்லு என்றேன்.

2.9.2003
வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. நான் லேப்காரன் என்பதால் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்கள்தான் எலும்புச் செல்களாகின்றன. அவை சுண்ணாம்பைப் படியவைத்து எலும்பை இறுக்க அந்த நொதி வேண்டும். பாப்பாவுக்கு அது பிறவியிலேயே குறைவு. எலும்பில் இறங்காத சுண்ணாம்பு இரத்தத்தில் தேங்குகிறது. நாங்கள் கொடுத்ததும் அங்கேதான் சேர்ந்து கிட்னியைக் கெடுத்திருக்கிறது.

"இங்க பதினொண்ணுதான் வருது. இந்த 640 யாருங்க போட்டது?"

ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"வெளிநாட்டுல மஜ்ஜை மாத்திப் பாக்கறாங்க. இங்க மருந்தில்லைங்க."

3.9.2003
14 சரியாகத்தான் காட்டியிருக்கிறது. என்ன மனுஷன் நான்?

28.9.2003
பாப்பா போய்விட்டாள். வேலூரிலிருந்து எங்கள் ஊர் ஆரணி வரை அக்கா அவளை யாரிடமும் கொடுக்கவில்லை. காற்றுப் படாமல் துணியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள்.

16.11.2003
அக்காவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்துத்தான் போனேன். "அப்போ அந்த மருந்து..." என்றாள். "வேணாம் வேணாம்னு தலைய ஆட்டிகினே இருந்துச்சேடா. மூக்கப் புடிச்சி ஊத்தினேனே."

ஐயோ, இதை நான் யோசிக்கவேயில்லை. என் பாரம் இறங்கினால் போதும் என்றல்லவா போனேன்?

20.11.2003
அக்காவின் கணவர் லோகநாதன் மாமா தறியை விட்டுவிட்டு லேபுக்கே வந்தார். நாலு நாளாக அக்கா சோறு தொடவில்லையாம். "என் கையால குடுத்தேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லையாம்.

"அவகிட்ட இன்னா மச்சான் சொன்ன?"

ஆள் காத்திருக்கிறது, சாயந்தரம் வந்து சொல்கிறேன் என்றேன்.

போகவில்லை.